செயின் என்னும் எச்சமும் கணினி நிரலும்

இலக்கணம் பயில்வார்க்கு வினையெச்சம் புதிதன்று. நன்னூலார் கூறும் எச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதும் ஒன்று. அது எதிர்காலம் காட்டுவது. ‘மழை பெய்யின் ஏரி நிறையும்’ என்றவிடத்து, பெய்தல் நிகழ்ந்தாலன்றி நிறைதல் இல்லை என்பது பெறப்படும். இச்சிறிய எச்சமே இன்று கணினிகளையெல்லாம் நடத்துகின்றது என்று நாம் கூறின், தமிழ் வகுப்பினர் தற்பெருமை பேசுகின்றனர் எனப் பிற வகுப்பு நண்பர்கள் நகைப்பார்கள். நகைப்பினும் குற்றமில்லை, சிறிது பொறுத்துக் கேட்பாராக.

கணினி தானே ஒன்றையும் எண்ணுவதில்லை. எழுதிவைத்த கட்டளைகளை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிச் செல்லும். அச்செலவு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிய வேண்டுமாயின் நிபந்தனைக் கட்டளை வேண்டும். நிபந்தனைக்கு விடை இரண்டே: மெய், அன்றேல் பொய். முத்தையா அண்ணாமலை என்பார் தமிழ்ச் சொற்களைக் கொண்டே ‘எழில்’ என்னும் நிரல்மொழியை ஆக்கி, அதனைப் பற்றி 2009ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அம்மொழியில் நிபந்தனை இவ்வாறு அமையும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "தேர்ச்சியில்லை"
முடி

ஆங்கிலச் சொற்களால் இயலும் நிரல்மொழிகளில் ‘இஃப்’ என்பது முன்னே நிற்க, ஈண்டு ‘ஆனால்’ நிபந்தனைக்குப் பின்னே நிற்கின்றது. தமிழ் வாக்கியத்தின் இயல்பும் அதுவன்றோ? இக்காலப் பேச்சில் எதிர்மொழி கூறுதற்கே பெரிதும் பயன்படும் ‘ஆனால்’ என்னுஞ் சொல், இங்கே ‘ஆகுமாயின்’ என்னும் தன் பழம்பொருளை மீளப் பெற்றது நமக்கு உவகையளிக்கின்றது.

நிபந்தனைகள் பல அடுக்கி வரும்போது வரிசை இன்றியமையாதது. ‘35க்குக் குறையாதாயின் தேர்ச்சி’ என்று முதலில் எழுதி, ‘இல்லையாயின், 60க்குக் குறையாதாயின் முதல் வகுப்பு’ என்று பின்னர் எழுதினால், 78 பெற்ற மாணவனும் வெறுந்தேர்ச்சியோடு வீடு திரும்புவான். முதல் நிபந்தனை மெய்யானவுடன் ஏனையவற்றைக் கணினி நோக்குவதில்லை. நிரல் ஓடும், பிழையென்று ஓர் அறிவிப்பும் வாராது.

இவை வகுப்பறைக் கணக்குகள். இனி, கைவிரல்கள் பணயமாகும் ஓரிடத்தை நோக்குவோம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ளது சுங்குவார்சத்திரம். பெயரிலே சத்திரத்தைத் தாங்கிய அவ்வூரில் இன்று ஷிப்டு மாறும் வேளைதோறும் தொழிற்சாலைப் பேருந்துகள் நிரம்பி நிற்கின்றன. அங்கிருந்து ஒரகடம் வரையுள்ள ஆலைகள் பலவற்றில் கார்களுக்குரிய உறுப்புகள் ஆகின்றன. தகட்டை டையின் மேல் வைக்க, பிரஸ் இறங்கி அதனை உருவாக்கும். தகட்டை வைப்பது மனிதன் கை. ஆகவே கை இரண்டும் வெளியே உள்ளன என்று உறுதிப்படுத்துதற் பொருட்டு இரண்டு பட்டன்களை அகல அகல வைத்து, இரண்டையும் அழுத்தினாலன்றிப் பிரஸ் இறங்காதவாறு அமைப்பர்.

இத்தகைய ஆணைகளை ஆலைகளில் ஏற்று நடத்துவது பி.எல்.சி. என்னும் கருவி. அதன் கருத்து 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு மார்லி என்பார் குழுவிற் பிறந்தது. அதற்குரிய நிரலை ஏணி போன்ற படமாக வரைவர். ஒரே படியில் இரு தொடர்புகளை அடுத்தடுத்து இட்டால் இரண்டும் வேண்டும். பிரித்து இணையாக இட்டால் ஒன்று போதும். தமிழில் முன்னதற்கு ‘இரண்டும்’ என உம்மையும், பின்னதற்கு ‘ஒன்றேனும்’ என ஏனும் என்னும் சொல்லும் உள.

இடர் எதிர்மறையில் தோன்றுகின்றது. நிரல் பயிலப் புகுந்த ஒருவர், ‘இரு பட்டனும் அழுத்தியிருப்பின் இறங்கு’ என்று எழுதிய பின்னர், ‘இரு பட்டனும் அழுத்தப்படவில்லையாயின் நில்’ என்று எழுதுகின்றார் என்க. இவ்வாக்கியத்திற்குப் பொருள் இரண்டு. ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லை என்றும், சிலர் வந்தனர் என்றும் கொள்ளக் கிடக்கின்றதன்றோ? முற்றும்மை எச்சப்பொருள் தருதலும் உண்டெனத் தொல்காப்பியம் முன்னரே உணர்த்தியது. மனிதர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர், கருவி கொள்ளாது.

நிலைகள் நான்கு: இரண்டும் அழுத்தியது, வலம் மட்டும், இடம் மட்டும், எதுவுமில்லை. ‘ஒன்றும் அழுத்தப்படாதபோது நில்’ என்று நிரல் அமைந்துவிடின், முதல் நிலையிலும் நான்காம் நிலையிலும் எல்லாம் செவ்வனே நடக்கும். அவ்விரண்டை மட்டும் சோதித்துப் பார்ப்பவர் பிழை காணார். சாய்ந்த தகட்டை நேராக்கத் தொழிலாளி வலக்கையை மட்டும் எடுத்து உள்ளே நீட்டுகின்றபோது, இடப்பட்டன் இன்னும் அழுத்தியே உள்ளது. நில்லென்னும் நிபந்தனை பொய். இறங்கும் பிரஸ் இறங்கிக்கொண்டே இருக்கும். வேண்டியது, ‘ஒரு பட்டனேனும் விடப்பட்டிருப்பின் நில்’ என்பது.

‘இரண்டும்’ என்பதை மறுத்தால் ‘ஒன்றேனும் இல்லை’ என்றாகும். ‘ஒன்றேனும்’ என்பதை மறுத்தால் ‘இரண்டும் இல்லை’ என்றாகும். இவ்விதி அகஸ்டஸ் டி மார்கன் என்னும் கணித அறிஞர் பெயரால் வழங்குகின்றது. அவர் 1806ஆம் ஆண்டில் நம் மதுரையிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். உம்மையின் ஊரிற் பிறந்தவர் உம்மையின் எதிர்மறையை ஆராய்ந்தமை தற்செயலே எனினும், தமிழ் மாணவராகிய நமக்கு அது இனிக்கின்றது.

விதி சரியாக அமைந்த பின்னும் ஒன்று எஞ்சும். வேலை விரைவு கருதி ஒரு பட்டனை நாடாவால் ஒட்டிவைத்துவிடின், அந்நிபந்தனை என்றும் மெய்யாகி, ஒரு கை விடுதலை பெறும். இதற்காக, இரு பட்டன்களும் அரை விநாடிக்குள் அழுத்தப்பட வேண்டும் என்றும், ஒவ்வோர் இறக்கத்திற்குப் பின்னும் இரண்டும் விடப்பட வேண்டும் என்றும் மேலும் இரு நிபந்தனைகளைச் சேர்ப்பர். இதனைச் சாதாரண பி.எல்.சி.யின் பொறுப்பில் விடாது, இதற்கெனவே ஆகிய காப்பு ரிலேயிடம் ஒப்படைப்பதும் வழக்கம். ஒட்டிவைத்த பட்டன் விடப்படுவதே இல்லை. ஆதலின் மறுமுறை பிரஸ் அசையாது.