எரெவானில் பேசும் பாரசீகம்

மார்ச் மாதக் கடைசியில் எரெவான் தெருக்களில் பாரசீகம் காதில் விழும். நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கு ஈரானியக் குடும்பங்கள் அராஸ் நதியைத் தாண்டி ஆர்மீனியத் தலைநகருக்கு வருவது வழக்கம். விலை கேட்டால் ஆர்மீனியக் கடைக்காரர் ‘ஹஸார்’ என்பார். எதிரில் நிற்கும் தெஹ்ரான்காரர் ‘ஹெஸார்’ என்று திருப்பிச் சொல்வார். இரண்டுக்கும் ஆயிரம் என்றுதான் பொருள். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பாரசீகம் கற்க வரும் ஆர்மீனியர்களுக்கு இப்படிப் பல சொற்கள் முன்பே அறிமுகம். சுதந்திரமானவர் ஆர்மீனியத்தில் ‘அஸாத்’, பாரசீகத்தில் ‘ஆஸாத்’. அதிர்ஷ்டம் இரண்டிலும் ‘பக்த்’. பாலாடைக்கட்டி இரண்டிலும் ‘பனீர்’. பார்த்திய வம்சத்தின் கிளையான அர்ஷாகுனி மன்னர்கள் கி.பி. 428 வரை ஆர்மீனியாவை ஆண்டார்கள். அரசவை, படை, வேட்டை, வீடு என்று எல்லாத் திசையிலிருந்தும் ஈரானியச் சொற்கள் அப்போது உள்ளே வந்தன. கலப்பு எவ்வளவு ஆழம் என்றால், ஆர்மீனியத்தை ஈரானிய மொழிகளில் ஒன்றாகவே ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1875இல்தான் ஜெர்மானிய மொழியியலாளர் ஹைன்ரிஹ் ஹூப்ஷ்மன், கடன்சொற்களைத் தனியே பிரித்தெடுத்து, அடியில் இருப்பது இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் தனிக் கிளை என்று காட்டினார். அப்பா பாரசீகத்தில் ‘பெதர்’, ஆர்மீனியத்தில் ‘ஹாய்ர்’. ஐந்து அங்கே ‘பஞ்ச்’, இங்கே ‘ஹிங்க்’. ஒரே வேரிலிருந்து வந்தவை, ஆனால் வேறு வேறு வழியில் நடந்து வந்தவை.

கடன் வாங்கிப் பதினைந்து நூற்றாண்டு கடந்ததால் சில சொற்கள் இடம் மாறிவிட்டன. ஆர்மீனியருக்கு ‘நமக்’ என்றால் கடிதம், ஈரானியருக்கு உப்பு; இங்கே ஒலி மட்டும்தான் ஒன்று, சொற்கள் வேறு. ‘த்ராக்த்’ ஆர்மீனியத்தில் சொர்க்கத் தோட்டம். பாரசீக ‘தெரக்த்’ வெறும் மரம். இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: வகுப்பில் கற்கும் பாரசீகத்துக்கும் தெருவில் பேசும் பாரசீகத்துக்கும் நடுவில்.

எரெவானின் நீல மசூதி பதினெட்டாம் நூற்றாண்டில், நகரம் பாரசீக ஆட்சியில் இருந்தபோது கட்டப்பட்டது. 1828இன் துர்க்மன்சாய் உடன்படிக்கையோடு அந்த ஆட்சி போனது. சோவியத் காலத்தில் மசூதி அருங்காட்சியகமானது. 1990களில் ஈரானின் செலவில் புதுப்பிக்கப்பட்டது. இன்று அதன் வளாகத்தில் பாரசீக வகுப்புகள் நடக்கின்றன. இப்படி முறையாகக் கற்க வருபவர் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் எழுத்துப் பாரசீகம். ‘நான் போகிறேன்’ என்பதற்குப் பாடநூல் ‘மீரவம்’ என்று கற்றுத்தரும். தெஹ்ரானில் ஒருவரும் அப்படிப் பேசமாட்டார், ‘மீரம்’ என்பார். எழுத்தில் ‘நான்’ என்ற ரொட்டி வாயில் ‘நூன்’ ஆகும். வீடு எழுத்தில் ‘கானே’, பேச்சில் ‘கூனே’. பாடநூலை மட்டும் படித்துவிட்டு டாக்சியில் ஏறுகிறவர், மேடைத் தமிழை மனப்பாடம் செய்துகொண்டு கோயம்பேடு சந்தையில் காய்கறி வாங்க வந்தவரைப் போல நிற்பார். அவர் பேசுவது எல்லாருக்கும் புரியும். எல்லாரும் பேசுவது அவருக்குப் புரியாது.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லா மாணவர்களுக்கும் இதைச் சொல்லமாட்டேன். ஆர்மீனியருக்கு மட்டும் அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் பாரசீகப் பேச்சு வழக்கு, அதன் எழுத்து வழக்கைவிடப் பல இடங்களில் ஆர்மீனியத்துக்கு அருகில் நிற்கிறது.

‘நன்றாக இருக்கிறது’ என்பது எழுத்தில் ‘கூப் அஸ்த்’. பேச்சில் அது ‘கூபே’. இந்தக் கடைசி ‘ஏ’தான் ஆர்மீனியத்திலும் ‘இருக்கிறது’: ‘லாவ் ஏ’. (எரெவான் பேச்சில் அதுவும் ‘லாவ் ஆ’ என்று மாறும், பேச்சு எழுத்திலிருந்து விலகுவது இவர்களுக்குப் புதிதல்ல.) தன்மை ஒருமைக்குப் பாரசீகம் ‘அம்’ சேர்க்கும், ஆர்மீனியம் ‘எம்’. ‘அவர்கள் போகிறார்கள்’ என்பது எழுத்தில் ‘மீரவந்த்’. தெருவில் கடைசி ‘த்’ உதிர்ந்து ‘மீரன்’ ஆகும். ஆர்மீனியர் ‘க்னும் என்’ என்பார். ஈறு ஏறக்குறைய ஒன்றுதான்.

உடைமை சொல்லும் முறையில் இது இன்னும் துலக்கம். ‘என் புத்தகம்’ என்பதைப் பாடநூல் ‘கெதாபெ மன்’ என்று தொடங்கிவைக்கும்: பொருள் முதலில், உடையவர் பின்னால், நடுவில் ஓர் எகரப் பாலம். ஆர்மீனிய வாக்கியத்தில் உடையவர்தான் முன்னால் வருவார். எனவே மாணவர் ஒவ்வொரு தடவையும் மனத்துக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் ஈரானியர்கள் அதிகம் கையாள்வது ஒட்டு: ‘கெதாபம்’ என் புத்தகம், ‘கெதாபெத்’ உன் புத்தகம். ஆர்மீனியமும் இதையேதான் செய்கிறது: ‘கிர்க்ஸ்’ என் புத்தகம், ‘கிர்க்த்’ உன் புத்தகம். பழகிய பாதை பக்கத்திலேயே இருக்க, வகுப்பறை மாணவரைச் சுற்றுவழியில் கூட்டிப்போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஒலியில் பாதி எளிது, பாதி கடினம். தொண்டையில் பிறக்கும் உரசொலிகள் ஆர்மீனியத்தில் உண்டு. ஐரோப்பியர்கள் திணறும் இடத்தில் இவர்கள் சிரமமின்றிக் கடந்துபோவார்கள். தடுமாறவைப்பது அகரம். ஆர்மீனியத்தில் அது ஒன்றுதான். பாரசீகத்தில் இரண்டு: வாயை அகட்டி முன்னால் சொல்வது ஒன்று, உதட்டைச் சற்றே குவித்து ஆழத்திலிருந்து சொல்வது மற்றொன்று. ‘பத்’ என்றால் கெட்டது, ‘பாத்’ என்றால் காற்று. நீளத்தை மட்டும் கூட்டிக் குறைத்தால் வேறுபாடு வராது; வாயின் வடிவமே மாற வேண்டும். இதைக் கண்ணால் படித்துக் கற்க முடியாது. ஹமதானில் 1929இல் பிறந்து, பாரசீகப் பாடல்களால் ‘ஜாஸ் சுல்தான்’ என்று ஈரான் முழுதும் கொண்டாடப்பட்ட ஆர்மீனியர் விகேனின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மெதுவான பாட்டில் அகரங்கள் நீண்டு நின்று காதில் தெளிவாக விழும்.

உபசார மொழியைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும். ‘தஆரோஃப்’ என்று ஈரானியர்கள் சொல்லும் மரியாதைப் பரிமாற்றம் தெரியாமல் பாரசீகத்தில் ஒரு தேநீர்கூட வாங்க முடியாது. பணம் நீட்டினால் கடைக்காரர் ‘காபெல் நதாரே’, அதாவது உங்கள் தகுதிக்கு இது ஒன்றுமில்லை என்பார். வாங்குபவர் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். நேராகப் பேசிப் பழகிய எரெவான் இளைஞருக்கு முதலில் இது பாசாங்காகப் படலாம். ஆனால் அவருடைய வீட்டிலேயே பாட்டி பேரனைக் கொஞ்சும்போது ‘ட்சாவ்த் தானெம்’ என்கிறார்: உன் வலியை நான் வாங்கிக்கொள்கிறேன். தெஹ்ரான் பாட்டி ‘தர்தெத் பே ஜூனம்’ என்கிறார்: உன் வலி என் உயிருக்கு வரட்டும். சாப்பிடுபவரிடம் ஒருவர் ‘அனுஷ் லினி’ என்பார், மற்றவர் ‘நூஷெ ஜான்’ என்பார். அனுஷும் நூஷும் ஒரே பழைய ஈரானியச் சொல்லின் இரு வடிவங்கள். பெயருக்குப் பின்னால் அன்பாகச் சேர்க்கும் ‘ஜான்’ இரு ஊரிலும் உண்டு. இந்த உறவை உணர்ந்த மாணவருக்குத் தஆரோஃப் சீக்கிரம் வசப்படும்.

இரு மொழிகளோடும் வாழ்ந்த ஆர்மீனியர்கள் பலர். ஷா அப்பாஸ் 1604–05இல் அராஸ் கரையின் ஜுல்ஃபாவைக் காலிசெய்து மக்களை இஸ்பஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே எழுந்த புதிய ஜுல்ஃபாவின் வணிகர்கள் மெட்ராஸ்வரை வந்தார்கள். நம் அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனியத் தேவாலயம் அந்தச் சமூகத்தின் அடையாளம். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் மெட்ராஸில் அச்சானபோது, அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோன்யன் பாரசீகக் கவிகளின் ஊரான ஷிராஸிலிருந்து வந்தவர்.

இன்றைய ஈரானிய ஆர்மீனியர்கள் வீட்டில் ஆர்மீனியமும் தெருவில் பாரசீகமும் பேசுகிறார்கள். தெஹ்ரானில் 1931 முதல் ‘அலிக்’ செய்தித்தாள் ஆர்மீனியத்தில் வருகிறது. அதே சமூகத்தின் ஸோயா பிர்ஸாத், ஆபாதான் எண்ணெய் நகரத்து ஆர்மீனியக் குடும்பத்தின் கதையை ‘விளக்குகளை நான் அணைக்கிறேன்’ என்ற நாவலாகப் பாரசீகத்தில் எழுதி 2001இல் வெளியிட்டார். கொஞ்சம் தேறிய மாணவருக்கு முதல் நாவலாக அதையே பரிந்துரைப்பேன்: வீட்டுச் சமையலறையும் உறவுகளும் அவருக்குத் தெரிந்தவை, மொழி மட்டுமே புதிது.

ஈரானிலிருந்து வந்து எரெவானில் குடியேறிய ஆர்மீனியர்களை ஊரார் ‘பார்ஸ்காஹாய்’ என்கிறார்கள். இரண்டு அகரங்களும் இவர்கள் நாவில் இயல்பாக வரும். தெஹ்ரான் ஆர்மீனியர்களின் தாய்மொழிக்குள்ளேயே அந்த அகல அகரம் புகுந்துவிட்டது. எங்கே ‘நீ’ சொல்லலாம், எங்கே ‘நீங்கள்’ சொல்ல வேண்டும், கடைக்காரரிடம் எத்தனை முறை வற்புறுத்த வேண்டும் என்பதை ஆர்மீனியத்திலேயே விளக்கிச் சொல்லவும் இவர்களால் முடியும். நீல மசூதி வகுப்பு முடிந்ததும் இவர்களில் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்துகொள்ளலாம். அரிச்சுவடி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வாரமே தொடங்கலாம்.