தரையில் விழும் சொட்டும் டாஷ்போர்டில் எரியும் விளக்கும்

பழைய அம்பாசடர் நிற்கிற இடத்தைத் தரையே சொல்லிவிடும். கறுப்பாக ஒரு வட்டம், அதன் மேல் அட்டைப்பெட்டித் துண்டு ஒன்று. கூடவே டாஷ்போர்டில் எண்ணெய்க் குடுவைப் படம் போட்ட சிவப்பு விளக்கும் ஐடிலில் மினுங்க ஆரம்பித்தால், வண்டிக்காரர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்: ‘ஆயில் ஒழுகுது, அதான் பிரஷர் இல்லை.’ ஒர்க்‌ஷாப்பிலும் சில சமயம் இதே கணக்குத்தான். சீல், கேஸ்கட் எல்லாம் மாற்றிப் பணமும் கட்டி முடித்த பிறகு தரை சுத்தமாக இருக்கும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 20 சொட்டு. இரவுக்குப் பத்துச் சொட்டு விழுந்தால் ஒரு லிட்டர் குறைய 2,000 இரவு ஆகும். ஓடும்போது இன்னும் கூடுதலாக ஒழுகும், வாஸ்தவம்தான். ஆனாலும் டிப் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கு மேல் எண்ணெய் இருக்கும்வரை பம்ப்புக்கு அது ஒரு பொருட்டில்லை. மட்டம் இறங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால்தான் ஆபத்து.

அதனால் முதல் வேலை டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. பார்த்தால் மட்டும் போதாது, மோந்தும் பார்க்க வேண்டும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில் அதன் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இறங்கும். எண்ணெய் மட்டம் ஏறியிருக்கும், எண்ணெய் நீர்த்திருக்கும், பிரஷர் படுத்திருக்கும். பெட்ரோல் வாசனை அடிக்கிற எண்ணெயோடு வண்டியை எடுக்கவே கூடாது.

சரி, மட்டமும் வாசனையும் ஒழுங்காக இருந்தும் விளக்கு எரிகிறதே? அதற்கு ஆயில் பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். எஞ்சின் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் ஒரே அளவு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாகப் பிதுங்கி மறுபடி சம்ப்பில் விழ வேண்டும். பிதுங்கச் சிரமப்பட்டால் பிரஷர் ஏறும். சுலபமாக வழிந்தால் இறங்கும். இடைவெளி புது எஞ்சினில் சுமார் 0.05 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெல்லிசு. இந்த மாதிரிச் சந்துகளில் வழியும் அளவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். பேரிங் தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால் வழியும் எண்ணெய் எட்டு மடங்கு. பிரஷரைத் தின்கிற ஒழுகல் இதுதான். இது எஞ்சினுக்கு உள்ளேயே நடப்பதால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது.

பம்ப் கொடுக்கும் பிரஷர்தான் ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை என்பது 1883-லேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலே கிளம்பி வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளியது. கேஜ் மாட்டிப் பார்த்தால் 200 பிஎஸ்ஐக்கு மேல், அதாவது பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமையைப் போல இரண்டு மடங்கு! அங்கே பம்ப்பே கிடையாது. சுழலும் ஷாஃப்ட் எண்ணெயைத் தானே இழுத்து ஆப்பு மாதிரிக் குறுகும் இடைவெளிக்குள் திணித்துக்கொள்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் மிதப்பதும் இதே கதைதான். 1886-ல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் இதற்கான சமன்பாட்டைத் தந்தார். கார் எஞ்சினில் பம்ப்பின் வேலை அந்த ஆப்புக்கு எண்ணெய் பற்றாமல் போகாதபடி பார்த்துக்கொள்வது. அது பற்றாமல் போகும் நேரத்தில்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது.

அம்பாசடரில் வெகுகாலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி வடிவமைத்த பி-சீரிஸ். நல்ல நிலையில், சூடான பிறகு, ஓட்டத்தில் சுமார் 50 பிஎஸ்ஐ, ஐடிலில் 15 பிஎஸ்ஐ இருந்தால் கவலை வேண்டாம். விளக்கோ பொதுவாகப் பத்துக்கும் கீழே போன பிறகே வாய் திறக்கும். அதன் சுவிட்சும் பழசு, பொய் சொல்லக்கூடியது. எனவே சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை முடுக்கிப் பார்க்காமல் எதையும் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

கேஜில் முள் எப்போது விழுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. காலையில் நன்றாக நின்று, அரை மணி ஓடிய பிறகு ஐடிலில் விழுந்தால் பேரிங் தேய்மானம் என்று சந்தேகிக்கலாம். கூடவே அடியிலிருந்து மந்தமான ‘தொம் தொம்’ வந்தால் சந்தேகமே இல்லை. நேற்றுவரை சரியாக இருந்து இன்று திடீரென்று விழுந்ததா? பிரஷர் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு, தூசி சிக்கித் திறந்தே நிற்கக்கூடும். ஒரு நட்டைக் கழற்றி ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் துடைத்துப் போட்டால் தீர்ந்துவிடும், செலவே இல்லாத பழுது. ஆயில் மாற்றிய மறுநாளிலிருந்தா? புது வண்டிகளுக்கான 5டபிள்யூ-30 ஊற்றியிருப்பார்கள். சூட்டில் அதன் பாகுத்தன்மை இந்தப் பழைய எஞ்சினுக்கு வழக்கமான 20டபிள்யூ-50 ஆயிலில் ஏறத்தாழப் பாதிதான். தேய்ந்த எஞ்சினில் அது நிற்காது. எடுத்த எடுப்பில் பம்ப்பைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் எந்நேரமும் எண்ணெயிலேயே ஊறிக்கிடக்கும் பாகம் மற்றவற்றை விட மெதுவாகத்தான் தேயும்.

இனி அந்தக் கறுப்பு வட்டம். வெளியே கசிகிற இடங்களில் பெரும்பாலானவை பிரஷரே இல்லாத இடங்கள்: ராக்கர் கவர், டேப்பட் பக்க மூடிகள், சம்ப் கேஸ்கட். விதிவிலக்கு இரண்டு மூன்று உண்டு. கேஜுக்குப் போகும் குழாயும் பிரஷர் சுவிட்சும் விட்டால் நிமிடங்களில் சம்ப் காலியாகும். பழைய ஃபில்டர் கிண்ணத்தில் இன்னொரு வேடிக்கை: பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள், ஸ்டார்ட் செய்ததும் பீச்சியடிக்கும்.

கசிவைத் தேடுவதற்கு முன் எஞ்சினை டீசல் போட்டுக் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். அழுக்கோடு தேடுவது வீண். பிறகு சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவிப் பத்து நிமிடம் ஓட விட்டால், முதலில் எங்கே ஈரமாகிறதோ அங்கேதான் மூலம். எண்ணெய் கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டுகிற இடத்தைப் பார்த்தே சம்ப் கேஸ்கட்டை மாற்றுகிறவர்கள் ராக்கர் கவரிலிருந்து வழிவதை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கவரைப் பிடிப்பது இரண்டே நட்டு. ஒழுகுகிறதே என்று மேலும் முடுக்கினால் கார்க் நசுங்கித் தகடு வளைந்து இன்னும் ஒழுகும்.

ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கசிந்தால் கேஸ்கட்டின் மேல் குற்றமில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியை ஐடிலில் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் மெக்கானிக் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்: பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கி, எண்ணெயை எல்லாச் சந்துகளிலும் நெட்டித் தள்ளுகிறது. சில சமயம் ரிங் நன்றாகவே இருக்கும், அந்த வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் மட்டும் அடைத்திருக்கும்; முதலில் அதைக் குத்திவிடுங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுவது தனிக் கதை. இந்த 1489 சிசி பி-சீரிஸில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுழலும்போது எண்ணெயை அது உள்ளுக்கே திருப்பி அனுப்பும். நின்றால் வேலை செய்யாது. மேட்டில் நிறுத்தினால் சொட்டுவது அதன் பிறவிக் குணம். அதற்காக எஞ்சினை இறக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சூட்டில் பிரஷர் இல்லை, அடியில் சத்தம் என்றால் இறக்கத்தான் வேண்டும். அதற்கு முன் சம்ப்பைக் கழற்றி, பிக் எண்ட் மூடி ஒன்றைத் திறந்து பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெடாமல் இருந்தால் அதே அளவு பேரிங் போதும். கெட்டிருந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என்று கிரைண்டிங் படிகள் இருக்கின்றன. முன்னால் யாரோ நாற்பதுவரை கடைந்து வைத்திருந்தால், காயலான் கடையில் வேறு ஷாஃப்ட் தேட வேண்டியதுதான்.