ஐந்து சென் கணக்கும் ஒரு சோதனை அட்டவணையும்

ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்குப் போய் 1.13 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கி ரொக்கமாகக் கொடுத்தால், கல்லாவில் 1.15 என்று விழும். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியா முழுவதும் நடப்பில் உள்ள முறை இது. பில்லின் மொத்தத் தொகை 1, 2, 6, 7 என்று முடிந்தால் கீழே இறக்க வேண்டும். 3, 4, 8, 9 என்று முடிந்தால் மேலே ஏற்ற வேண்டும். விதி அவ்வளவுதான், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அதை ஒரு கருவிக்குள் எழுதுவது ஒரு வேலை, எழுதியது சரிதான் என்று காட்டுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை நிரல் எழுதுபவரிடமே முழுவதும் ஒப்படைத்துவிடக் கூடாது. அதை யாரும் படிக்கக்கூடிய அட்டவணையாக வைத்து, அதிலிருந்து சோதனைகளை உருவாக்கும் பொறுப்பை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டிடம் விடுவதே நல்லது.

தராசு, மீட்டர் போன்ற சிறு கருவிகளுக்குள் ஓடும் நிரல்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்படுகின்றன. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. அதில் ஒருவர் இந்த ஐந்து சென் விதியை இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: தொகையை நூறால் பெருக்கு, புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டு, 2 கூட்டு, ஐந்தால் வகுத்து மீதியை விட்டுவிடு, மறுபடி ஐந்தால் பெருக்கு. பார்க்க ஒரு குறையும் இல்லை. வழக்கமான 64 பிட் புள்ளிக் கணக்கில் 1.10 முதல் 1.19 வரை பத்துத் தொகைகளையும் போட்டுப் பார்த்தால் ஒன்பது சரியாக வரும். 1.13 மட்டும் 1.10 ஆகிவிடும். கணினியின் இரும எண்களில் 1.13-ஐ அப்படியே எழுத முடியாது. நூறால் பெருக்கினால் 112.99999999999999 வருகிறது, வெட்டினால் 112. கடைக்காரருக்கு ஐந்து சென் போச்சு. ஆரம்பத்திலேயே தொகையைச் சென்னாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இது தீரும். ஆனால் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும் பணத்தைக் கழித்தல் குறியோடு அதே நிரலுக்குள் அனுப்பினால் இன்னொரு பிழை தலைகாட்டும். சி மொழியின் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டுவதால், திருப்பித் தர வேண்டிய 10 சென் 5 சென்னாகிவிடும். மூன்று தொகைகளைக் கைக்கு வந்தபடி சோதித்துவிட்டுத் திருப்தி அடைபவர் கண்ணில் இவை பெரும்பாலும் படுவதில்லை.

இங்கேதான் அளவுரு வைத்த சோதனை உதவுகிறது. சோதனையை ஒரே தடவை எழுதி, உள்ளே போகும் தொகைக்கும் வர வேண்டிய விடைக்கும் இடம் விட்டு வைக்கிறோம். அந்த இடங்களை அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நிரப்புகிறது. சி மொழியில் ஒரு சிக்கல் உண்டு. தனக்குள் என்னென்ன சோதனைகள் இருக்கின்றன என்று ஓடும்போது தேடிப் பட்டியல் போட அந்த மொழியில் வழி இல்லை. யாராவது எழுதித் தர வேண்டும். யூனிட்டி என்ற சோதனைச் சட்டகத்தோடு வரும் ரூபி ஸ்கிரிப்ட் அந்த எழுத்து வேலையைச் செய்கிறது. சோதனைக் கோப்பைப் படித்து, சோதனைக்கு மேலே எழுதியிருக்கும் டெஸ்ட் கேஸ் வரிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டும் சி கோப்பை எழுதித் தருகிறது. கம்பைலருக்கு அந்த வரிகள் வெறும் வெற்றிடம். அந்த வரிகளைக்கூட எக்செல்லில் போட்ட ஓர் அட்டவணையிலிருந்து சிறிய பைத்தான் ஸ்கிரிப்ட் உண்டாக்கிவிடும்.

ஒரு வளையத்துக்குள் வரிகளைச் சுற்றவிட்டால் போதாதா, ஸ்கிரிப்ட் எதற்கு என்று கேட்கலாம். யூனிட்டியில் ஓர் ஒப்பீடு தவறினால் அந்தச் சோதனை அங்கேயே நின்றுவிடும். வளையம் 1.13-இல் விழுந்தால் அதற்குப் பிறகுள்ள வரிகளின் கதி தெரியாது. தனித்தனியாக ஓட்டினால் எது விழுந்தது, எது தேறியது என்று வரிவரியாகத் தெரியும். ஸ்கிரிப்ட்டே தவறாக இருந்தால்? இருக்கலாம். அதனால்தான் அது கணக்குப் போடவே கூடாது, வரிகளை எடுத்து எழுதினால் போதும். வேண்டுமென்றே ஒரு தவறான விடையை அட்டவணையில் வைத்து, சோதனை தோற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கனமான ஆட்சேபம் வேறொன்று. வர வேண்டிய விடையையும் அதே சூத்திரத்தால் ஸ்கிரிப்ட்டே நிரப்பினால், ஆயிரம் வரி இருந்தும் பயன் இல்லை. ஒரே பிழை ஆயிரம் தடவை சரி என்று சொல்லும். விடை விதியிலிருந்து வர வேண்டும், விதி தெரிந்த மனிதர் கையால் வர வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பது பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களை நினைத்தால் புரியும். பால் நிறுக்கும் இடத்தில் எடை எல்லார் கண்ணுக்கும் தெரியும். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டுப் பாலின் அடர்த்தியைப் பார்த்து ரப்பர் சதவீதம் கணிப்பார்கள். அதன் பிறகு கிராணி எனப்படும் தோட்டக் கணக்கரின் பேரேட்டில் நடந்த கணக்கு வெட்டுத் தொழிலாளிக்கு எட்டாத விஷயம். இன்று கட்டிப்பால் எனப்படும் உறைந்த ரப்பர் பாலை விற்கும் சிறுதோட்டக்காரரும் எலக்ட்ரானிக் தராசின் திரையில் வரும் எண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். எடை, ரப்பர் சதவீதம், விலை, தொகை என்று நாலு பத்தி கொண்ட அட்டவணையை அவர் படிப்பார். சி நிரலைப் படிக்கமாட்டார். மழைத்தண்ணீர் கலந்த பால், வெறும் வாளியின் எடை என்று நிரலாளருக்குத் தோன்றாத வரிகளையும் அவரே சொல்வார்.

கடைக்கோ ரப்பர் பால் வாங்கும் இடத்துக்கோ புதிதாக மென்பொருள் வாங்குகிறவர்கள், சோதித்துவிட்டோம் என்ற வாய்வார்த்தையோடு நின்றுவிட வேண்டாம். அந்தச் சோதனை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்; உங்களுக்குத் தெரிந்த சிக்கலான கணக்கை அதில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.