நாய்க்குப் பச்சைக்கறி போடலாமா?

மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்கு ஓடுகிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலில் பல வீட்டு அடுப்புகள் எரிவது இந்த ரயிலை நம்பித்தான். விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிறவர்களோடு சம்பளமும் வருகிறது, நகரத்துப் பழக்கங்களும் வருகின்றன. நாய்க்கும் பூனைக்கும் இறைச்சியை வேகவைக்காமல் அப்படியே கொடுப்பது பெங்களூரில் நாய் வளர்ப்பவர்களிடையே பரவிவரும் ஒரு பழக்கம். உறைய வைத்த பச்சை இறைச்சியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கே அனுப்பும் வியாபாரமும் அங்கே நடக்கிறது.

தங்கவயலுக்கு இது முற்றிலும் புதிது என்று சொல்லிவிட முடியாது. "அண்ணா, நாய்க்கு வேஸ்ட் இருந்தா குடுங்க" என்று கோழிக்கடையில் கேட்பது தமிழர் வாழும் எந்த ஊரிலும் உள்ள வழக்கம். கழுத்து, கால், தலை, தோல் எல்லாம் ஒரு பையில் வரும். சில வீடுகளில் அது மஞ்சள்தூள் போட்டு வெந்து சோற்றோடு நாய்க்குப் போகும். வேலை மிகுந்த வீடுகளில் அப்படியே வாசலில் விழும். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அடுப்பில் வைக்கும் அரைமணி நேரம், சிறிய விஷயம் இல்லை.

பச்சை உணவு என்பது ஓர் இயக்கமாக வளர்ந்ததில் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1993-இல் அவர் எழுதிய புத்தகம் நாய்க்குப் பச்சை எலும்பும் இறைச்சியும் காய்கறியும் போதும், தொழிற்சாலைத் தீவனம் வேண்டாம் என்றது. அந்தத் தொழிற்சாலைத் தீவனத்துக்கே வயது அதிகமில்லை. லண்டனுக்கு இடிதாங்கி விற்க வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், கப்பல்துறையில் மாலுமிகளின் காய்ந்த ரொட்டியை நாய்கள் தின்பதைப் பார்த்து 1860 வாக்கில் நாய் பிஸ்கட் செய்யத் தொடங்கினார் என்பது அந்தத் தொழிலின் பிறப்புக் கதை. ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட வந்தது 1880-இல். நாய்க்கென்று கடையில் உணவு வாங்கும் வழக்கமும் தங்கவயலும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறையில் பிறந்தவை.

பச்சை உணவுக்காரர்கள் சொல்வதில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. மூட்டையில் வரும் உலர்ந்த தீவனத்தில் ஈரம் பத்து சதவிகிதம் அளவில்தான் இருக்கும். இறைச்சியில் அது எழுபதைத் தாண்டும். தண்ணீர் அதிகம் குடிக்காத பூனைக்கு இந்த வேறுபாடு பெரியது. புது இறைச்சியை நாய் ஆசையோடு தின்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை புதிய உணவின் நன்மைகள். பச்சையாகக் கொடுப்பதால் வரும் நன்மைகள் அல்ல. இறைச்சியை வேகவைத்தாலும் ஈரம் இருக்கும், மணம் இருக்கும், எதைப் போடுகிறோம் என்பதும் தெரியும்.

"நாய் ஓநாயின் வாரிசு, ஓநாய் சமைத்தா தின்கிறது?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதற்கு ஒரு பதில் வைத்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகள்தான். நாய்களில் அது நான்கு முதல் முப்பது வரை பெருகியிருந்தது. மனிதன் விளைத்த தானியத்தோடு சேர்ந்தே நாயின் வயிறும் மாறியிருக்கிறது. தென்னிந்தியாவுக்கு இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, வட கர்நாடகத்து முதோல் ஆகிய வேட்டை நாய்கள் கம்பு, சோளம், கேழ்வரகுக் கஞ்சியிலும் பாலிலும் வளர்ந்தவை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வீட்டு நாய்க்குக் களி மிஞ்சியது கிடைத்திருக்கும், இறைச்சி மிஞ்சியது எப்போதாவது கிடைத்திருக்கும். அந்த உணவில் புரதம் குறைவு என்பது உண்மை. ஆனால் தானியம் நாய்க்கு விஷம் என்று இன்று சொல்லப்படுவதில் உண்மையில்லை.

சரி, பச்சைக்கறியால் என்ன கெடுதல்?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் கடைகளில் விற்ற 35 உறைந்த பச்சை இறைச்சித் தீவனங்களை வாங்கிச் சோதித்து, முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். 19 பொட்டலங்களில் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் இருந்தது. 8-இல் மனிதருக்கு ரத்தபேதி கொண்டுவரும் ஈ.கோலை ஓ157 வகை, 7-இல் சால்மோனெல்லா, இரண்டில் டாக்ஸோபிளாஸ்மா. ஐரோப்பாவின் குளிர்சங்கிலியில், முத்திரை ஒட்டி வந்த பொட்டலங்களின் நிலை இது. உறைய வைப்பதால் பாக்டீரியா சாவதில்லை, தூங்குகிறது. வெளியே எடுத்து உருகியதும் எழுந்துவிடும்.

நாய்க்கு வயிற்றில் அமிலம் அதிகம், அது தாங்கிக்கொள்ளும் என்பார்கள். பல நாய்கள் தாங்கவும் செய்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சால்மோனெல்லா உள்ள இறைச்சியைத் தின்ற நாய் நோயே இல்லாமல் வாலாட்டிக்கொண்டு, அடுத்த சில நாட்களுக்கு மலத்தில் அந்தக் கிருமியை வெளியேற்றும். தன் உடம்பை நக்கும், பிறகு குழந்தையின் கையை நக்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் பச்சை இறைச்சித் தீவனத்தைத் தவிர்க்கச் சொல்லி நிலைப்பாடு எடுத்தபோது முன்வைத்த காரணங்களில் வீட்டு மனிதர்களின் நலமும் ஒன்று.

தங்கவயலின் ஊரிகத்தில் இந்தக் காரணத்துக்கு எடை கூடுகிறது. ஆரம்பத்தில் தட்டி வீடுகளாக இருந்து பிறகு சுவரெழுப்பிய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை. சமையல், படுக்கை, குழந்தை விளையாட்டு எல்லாம் ஓரிரு அறைக்குள்தான். பச்சைக்கறிக்குத் தனிப்பலகை, தனிக்கத்தி, தனிக் குளிர்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று மேல்நாட்டுக் கையேடு சொல்வதை அங்கே கடைப்பிடிக்க இடமில்லை. சுரங்கத்தின் சிலிக்கா தூசியில் நுரையீரல் கெட்ட முதியவர் ஒருவரும், தவழும் பேரக்குழந்தையும் ஒரே தரையைப் பகிரும் வீட்டில், நாயின் தட்டிலிருந்து வழியும் இறைச்சித் தண்ணீர் விளையாட்டான விஷயம் இல்லை.

இறைச்சி எது என்பதும் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டுப் பச்சை உணவுப் பட்டியல்களில் மாட்டிறைச்சிதான் முதலிடம். தங்கவயல் தமிழர் வீடுகள் பலவற்றில் மாட்டுக்கறி வழக்கமான உணவாக இருந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டம் பசு, காளை, கன்று ஆகியவற்றோடு 13 வயதுக்குட்பட்ட எருமையை அறுப்பதையும் தடைசெய்துவிட்டது. நாய்க்கென்று வாங்கக்கூடிய மலிவான இறைச்சியாக எஞ்சியிருப்பது பிராய்லர் கோழி. சால்மோனெல்லாவும் கேம்பிலோபேக்டரும் மிகச் சாதாரணமாகக் குடியிருக்கும் இறைச்சி அதுதான். ஆக, வெளிநாட்டுப் பட்டியலை இங்கே கோழியை வைத்துப் பின்பற்றினால் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது.

பூனையின் கதை வேறு. பூனை இறைச்சியை நம்பிப் பிறந்த பிராணி. டாரின் என்ற சத்தை நாய் பொதுவாகத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. காரட்டில் உள்ள பொருளை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் அதற்குத் தெரியாது. 1932-லிருந்து பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான பூனைகளை வைத்துப் பார்த்தார். சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன, பச்சை இறைச்சி தின்றவை நன்றாக இருந்தன. பச்சை உணவுக்காரர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் சான்று இது. ஆனால் பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்பது பாட்டெஞ்சர் காலத்தில் யாருக்கும் தெரியாது. 1987-இல்தான் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர், இதயம் வீங்கி இறக்கும் பூனைகளுக்கு டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். தீவனக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டியதும் அந்த நோய் அரிதாகிவிட்டது. டாரின் தண்ணீரில் கரைந்து வெளியேறும் சத்து. கறியை வேகவைத்து, சாற்றைக் கீழே கொட்டிவிட்டுச் சக்கையைப் போட்டால் பூனைக்கு நட்டம். சாற்றோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பகுதி தங்கிவிடும். கோழியின் இதயத்திலும் தொடைக்கறியிலும் டாரின் அதிகம், நெஞ்சுக்கறியில் குறைவு.

நம் வீடுகளில் பூனைக்குப் பெரும்பாலும் கிடைப்பது பால்சோறு, தயிர்சோறு, கருவாட்டுத் தலை. சோறு மட்டும் கிடைக்கும் பூனை எலி பிடித்துத்தான் பிழைக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும். கருவாட்டில் உப்பு மிகுதி. சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. தினமும் அதையே தின்றால் பூனைக்குத் தலை தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பும் வரும். மீனை வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய எச்சரிக்கை அண்மையில் வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பூனை பறவைக்காய்ச்சலில் இறந்தது. அது தின்ற உறைந்த பச்சை வான்கோழித் தீவனத்திலும் அதே ஹெச்5என்1 கிருமி இருந்ததால் தீவனம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் ஹெச்5என்1 என்று ஜனவரியில் உறுதியானது. அடுத்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. பூனைக் குடும்பத்துக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் எமன். பச்சைக் கோழியைப் பூனைக்குப் போட இனி எந்த வாதமும் போதாது.

அப்படியானால் சமைத்துக் கொடுப்போம். அதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் புத்தகங்களிலும் பிற இடங்களிலும் இருந்து நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைத் திரட்டி அலசினார்கள். 95 சதவிகிதத்தில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைந்திருந்தது. அப்படித் தவறும் சத்துகளில் ஒன்று கால்சியம். எலும்பில்லாத கறியில் கால்சியத்தைப் போல பதினைந்து மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. இப்படியே வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். கால் வளையும், குதித்தால் முறியும். கறி நிறையப் போட்டும் குட்டி ஏன் நொண்டுகிறது என்று வளர்ப்பவர் திகைப்பதற்குக் காரணம் இதுவே. கேழ்வரகில் கால்சியம் அதிகம், நூறு கிராம் மாவில் 340 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆனாலும் நாய் தின்னும் ஓர் உருண்டைக் களி இந்தப் பள்ளத்தை நிரப்பாது.

நிரப்பக்கூடியது அடுப்படியிலேயே கிடக்கிறது: முட்டை ஓடு. கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவிட்டு, மிக்ஸியில் பவுடர் போல நைசாக அரைக்க வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு, போதும். அதே நாய்க்கு வெந்த கோழிக்கறி 150 கிராம், சோறோ களியோ 200 கிராம், பூசணி அல்லது காரட் ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று தொடங்கலாம். எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து அளவை மாற்ற வேண்டும். வாரம் இருமுறை சிறு துண்டு ஈரல் நல்லது. தினமும் ஈரலே கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்துபோகும், பூனைக்குக் கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் நோய் வரும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை இந்தத் தட்டில் குறையும் என்பதால் கால்நடை மருத்துவர் சொல்லும் சத்துக் கலவை ஒன்றையும் சேர்ப்பது அவசியம். குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பூனைக்கு அறவே பொருந்தாது.

குழம்பில் மிஞ்சிய கறியையும் பிரியாணி மிச்சத்தையும் நாய்க்குக் கொட்டுவது அன்பினால்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும், பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். நாய்க்குரிய கறியை மசாலா போடுமுன் தனியாக எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை. வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கழுத்தும் காலும்தான் கிடைக்கிறது என்றால் குக்கரில் நெடுநேரம் வைத்து, விரலால் நசுக்கினால் எலும்பு மாவாகும்வரை விட வேண்டும். நசுங்காததை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, ஆட்டிறைச்சிக் கடைக்காரர்களுக்கும் அங்கே நிற்கும் நாய்களுக்குப் பரிவோடு எதையாவது வீசுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில நேரம் தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் இருக்கும். மனிதர் தின்ன ஆகாது என்று கடைக்காரர் அதை அறுத்து நாய்க்குப் போடுவார். அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம். நாயின் குடலில் அது சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் மலத்தோடு மண்ணுக்கும் தண்ணீருக்கும் கீரைக்கும் போய், தடவிக் கொடுக்கும் கைவழியாக மனிதர் வாய்க்கும் போகும். பல ஆண்டுகள் கழித்து ஒருவருடைய ஈரலில் தேங்காய் அளவுக் கட்டியாக அது வெளிப்பட்டு அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும். ஆந்திரமும் தமிழகமும் இந்த நோய் நன்கு வேரூன்றிய பகுதிகள், இரண்டின் எல்லைக்கும் பக்கத்தில்தான் தங்கவயல் இருக்கிறது. கட்டியுள்ள உறுப்பை எந்த நாய்க்கும் போடாதீர்கள். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். ஏற்கெனவே பச்சை உறுப்பு தின்று பழகிய நாய் வீட்டில் இருந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.