வெள்ளை எலி வாங்கப் போறீங்களா? "ஜோடி" என்றால் உஷார்!

சென்னை,

"ஐயே, எலியா!" என்று அம்மா அலறுவார். "வெள்ளை எலிம்மா, சாது" என்று பையன் அடம் பிடிப்பான். கடைசியில் கூண்டு வீட்டுக்கு வந்துவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான்!

கடைக்காரர் ஆணும் பெண்ணுமாக "ஜோடி" கொடுத்தால் போச்சு! பெண் எலியின் கர்ப்ப காலம் 21 முதல் 23 நாள்தான். ஒரே பிரசவத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும். 5 வாரத்தில் அந்தக் குட்டிகளும் வயசுக்கு வந்துவிடும்!

அதற்காக ஒற்றையாக வாங்கலாமா? கூடாது. எலி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் ஏங்கிப்போகும். இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண். இதுதான் சரி.

வெயில்தான் எமன்

எலிக்கு மனிதரைப்போல் வியர்க்காது. வால் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் கூண்டை மொட்டை மாடியில் வைத்தால், சாயங்காலம் பிணம்தான்! நிழலும் தண்ணீரும் அவசியம்.

கூண்டின் அடியில் வெறும் கம்பி கூடாது, பாதம் புண்ணாகும். கிழித்த காகிதம் போடலாம். பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிக்க மரக்கட்டை வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் தோல் உரிந்துவிடும்.

தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வீட்டு எலியை அண்ட விடாதீர்கள். எலிக் காய்ச்சல் பரவலாம்.

கண்ணோரம் சிவப்பாக வடிந்தால் அது ரத்தம் அல்ல. ஆனால் நோயின் அறிகுறி. கூடவே மூச்சு 'கிர்' என்றால் உடனே கால்நடை டாக்டரிடம் ஓடவேண்டும்.

ஆயுள் 2, 3 வருஷம்தான். அதுவரை கூண்டு கழுவப்போவது யார்? பையனா? அலறிய அதே அம்மாவா?