வெளுத்துக் காட்டும் அமிலம்

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும், 30 வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய நர்ஸுக்குத் தேவைப்படுவது அதிகமில்லை: ஸ்பெகுலம், நல்ல விளக்கு, பஞ்சு, நீர்த்த அசிட்டிக் அமிலம். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். தடவிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். கோளாறு இருந்தால் அந்த இடம் வெளுக்கும்.

புற்றாக மாறும் வழியில் இருக்கும் செல்களில் உட்கரு பெருத்திருக்கும், புரதமும் அதிகம். பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் அமிலம் அந்தப் புரதத்தைத் தற்காலிகமாகத் திரிய வைக்கிறது. வழக்கமாக ஒளி மேற்புறத்தைக் கடந்து அடியிலுள்ள ரத்தக்குழாய் வரை போய்த் திரும்புவதால்தான் கருப்பைவாய் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. திரிந்த இடத்தில் ஒளி மேலேயே சிதறித் திரும்பிவிடும். கொஞ்ச நேரத்தில் வெண்மை மங்கிவிடும்.

ஜெர்மன் மருத்துவர் ஹின்செல்மன் 1925-இல் உருவாக்கிய கோல்போஸ்கோப் இதையே பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதில் பச்சை வடிகட்டியைப் போட்டால் ரத்தக்குழாய்கள் கருங்கோடுகளாகத் துலங்கும்; ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதே காரணம்.

வெறும் கண்ணால் பார்ப்பது உயிரைக் காக்குமா? பதில் நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் பங்கேற்ற ஆய்வில், 2000 முதல் 2003 வரை கிராமத்துப் பெண்கள் 31,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட கருப்பைவாய்ப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைவு. 2007-இல் ‘லான்செட்’ இதை வெளியிட்டது. கருவியைவிடப் பயிற்சிக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

அமிலமே இல்லாமலும் திசுவைப் பேசவைக்கலாம். புற ஊதா ஒளி பட்டால் கொலாஜன் போன்ற பொருட்கள் தாமாகவே ஒளிரும்; திசு கெடும்போது அந்த ஒளிர்வு மாறும். கருப்பைவாயில் இதை லேசரால் அளந்து 1994-இல் ஆய்வுக்கட்டுரை எழுதியவர் நிர்மலா ராமானுஜம். பின்னாளில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், கைக்கு அடக்கமான கோல்போஸ்கோப்பை உருவாக்கியதும் அவர் குழுதான். அதன் படம் செல்போனில் வந்துவிட்டால், அனுபவமுள்ள மருத்துவர் ஒருவர் வேறு ஊரிலிருந்தே பார்த்துச் சொல்லலாம்.

ஆனால் அமிலம் பட்டால் சாதாரண அழற்சியும் வெளுக்கும். மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்கவேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் கேமராவுக்கும் எட்டாது. அதனால்தான் 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான சோதனையை முதல் படியாகப் பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம். வைரஸ் இருந்தால் மட்டும் விளக்கும் லென்ஸும் வந்தால் போதும்.