வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பாட்டு ஆல்பம்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில்தான் என் நண்பன் வீடு. பகலில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை, இரவில் கீபோர்டு. அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து எண்பதுகளின் பாணியில் எட்டுத் தமிழ்ப் பாடல்கள் செய்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கை என் கையில் கொடுத்து, "நீ சாப்ட்வேர்லதானே இருக்க, இதை எப்படி வெளியிடறதுன்னு பாருடா" என்றான்.

சாப்ட்வேர் இன்ஜினியர் என்றால் பிரிண்டர் முதல் மிக்ஸி வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஒலி பற்றிய கணக்கு தெரியும். ஆல்பம் வெளியீடு பற்றி எதுவும் தெரியாது. திருவள்ளூர் - சென்னை ரயிலில் இரண்டு மாதம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் கிதாரும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் உதவும்.

முதலில், இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். டில்லியைச் சேர்ந்த பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ. என்ற குழு, பழைய இந்தி சினிமா, கேபரே, டிஸ்கோ எல்லாம் கலந்த ஒலியில் 'சினிமா' என்ற தன் முதல் ஆல்பத்தை 2011-ல் வெளியிட்டது. பெரிய கேசட் கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. 2018-ல் அவர்களுடைய பழைய பாடல்களின் தொகுப்பை பாரீஸில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் கொண்டு வந்தது. 2019-ல் 'பிஸ்மில்லா' வந்தது. நம் சென்னையின் தி எப்16ஸ் குழுவின் முதல் முழு ஆல்பம் 'ட்ரிகர்புங்க்டே' 2016-ல் வந்தது. ஆக, நடக்கும். ஆனால் முதல் ஆல்பத்துக்கும் பெயர் கிடைப்பதற்கும் நடுவில் பல வருடங்கள் இருக்கின்றன. அதனால்தான் பைல்களைப் பத்திரமாக வைப்பது பற்றிப் பின்னால் இவ்வளவு புலம்பியிருக்கிறேன்.

அந்த 'உம்ம்' சத்தம்

நண்பன் கொடுத்த பைல்களை ஹெட்போனில் கேட்டேன். எல்லாவற்றிலும் பின்னணியில் ஒரு 'உம்ம்' என்ற இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது ஒயர் வழியாக மைக், கிதார் இணைப்புகளில் புகுந்து 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று மடங்கு மடங்காக ஒலிக்கும். பாட்டுக் குரலில் இது பெரிய பிரச்னை இல்லை. ஆடசிட்டி போன்ற இலவச சாப்ட்வேரிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் 100, 150-ஐ மட்டும் மெல்லிய பில்டரால் குறைக்கலாம். பேஸ் கிதாரில் இந்த வேலை நடக்காது. அதன் கீழ்க் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதே கம்பியில் மூன்றாவது கட்டையில் விரல் வைத்தால் 49. ஐம்பதை வெட்டினால் அந்த ஸ்வரமும் சேர்ந்து போய்விடும்!

சரி செய்தது சாப்ட்வேர் இல்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினோம். பாதி சத்தம் போனது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டில் செருகியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. பக்கத்துப் பட்டறையில் மோட்டார் ஓடாத ஞாயிற்றுக்கிழமையில் பேஸை மறுபடி வாசித்ததில் மீதியும் போனது.

பழைய ஒலி எங்கிருந்து வருகிறது?

எண்பதுகளின் ஒலி என்று நாம் சொல்வதில் பாதி கருவிகளால் வந்தது. 1980-ல் வந்த ரோலண்ட் டி.ஆர்.808 டிரம் மெஷின், 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 சின்தசைசர் போன்றவை. 1986-ல் வந்த புன்னகை மன்னனில் இளையராஜா சின்தசைசரும் சீக்வென்சரும் வைத்துச் செய்ததைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவற்றைப் போலவே ஒலிக்கும் இலவச மென்பொருள்கள் இன்று ஏராளம்.

மறுபாதி டேப்பால் வந்தது. கேசட்டில் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஓடும். அதனால் கூர்மையான ஒலிகள் மங்கும், மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கும், சுருதி லேசாக ஆடும். சத்தம் அதிகமானால் டேப் அதை வளைத்து மழுக்கும். கம்ப்யூட்டரோ பூஜ்யம் டெசிபலைத் தாண்டியதும் கத்தரிக்கோலால் வெட்டியது போல் வெட்டிவிடும். எனவே பதிவு செய்யும்போது உச்சத்துக்குக் கீழே 10 டெசிபலாவது இடம் விட்டு, டேப் போன்ற மழுக்கலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பன் எட்டுப் பாட்டிலும் டேப் இரைச்சலை அள்ளிப் போட்டிருந்தான். ஆறு பாட்டில் எடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

சத்தமாகக் கொடுத்தால் லாபமா?

இல்லை. ஸ்பாட்டிபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வருகின்றன. ஸ்பாட்டிபையின் சாதாரண அளவு மைனஸ் 14 எல்.யு.எப்.எஸ். அதைவிட உரக்கக் கொடுத்தால் குறைத்துவிடும். நீங்கள் நசுக்கிய நசுக்கல் மட்டும் மிஞ்சும். உச்சத்தில் ஒரு டெசிபல் இடைவெளி விட்டு டபிள்யு.ஏ.வி. பைலாகக் கொடுத்தால் போதும்.

ஹார்ட் டிஸ்க் கதை

வெளியீட்டுத் தேதி பேசிக்கொண்டிருந்த வாரத்தில் நண்பனின் கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றுபோனது. என்னிடம் இருந்த நகலில் ஆறு பாட்டுகளின் தனித்தனி டிராக்குகள் இருந்தன. கடைசி இரண்டு பாட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம்பி3 மட்டும்தான். எம்பி3 என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கணக்குப் போட்ட பகுதிகளைத் தூக்கி எறிந்த பைல். எறிந்ததைத் திரும்பப் பெற முடியாது. குரலைத் தனியே எடுத்துத் திருத்தவும் வழியில்லை. அந்த இரண்டையும் முதலில் இருந்து பாடினார்கள். அதில் ஒன்றை முதல் தடவை பாடியபோது பாடகிக்கு ஜலதோஷம். அந்தக் கரகரப்புதான் பாட்டுக்கு அழகாக இருந்தது. அது போனது போனதுதான்.

இத்தனைக்கும் எவ்வளவு இடம் வேண்டும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் விநாடிக்கு 1,44,000 பைட். நான்கு நிமிடப் பாட்டில் 16 டிராக் என்றால் சுமார் 553 எம்.பி. எட்டுப் பாட்டுக்கு நாலரை ஜி.பி. ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். மூன்று நகல் எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கொல்கத்தாவின் ரூபா பிஸ்வாஸ் 1982-ல் 'டிஸ்கோ ஜாஸ்' என்ற ஆல்பம் பாடினார். கனடாவின் கால்கரியில் பதிவானது. சரோட் ஆஷிஷ் கான். அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பல வருடம் கழித்து இன்டர்நெட் அதைக் கண்டுபிடித்து, 2019-ல் நியூமரோ குரூப் என்ற அமெரிக்க நிறுவனம் மறுபடி வெளியிட்டது. எந்த பைலுக்கு எப்போது வேளை வரும் என்று யாருக்குத் தெரியும்?

யார் பெயரில்?

தளங்கள் பொதுவாக நம்மிடம் நேரடியாகப் பாட்டு வாங்குவதில்லை. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். சிலர் ஆண்டுக் கட்டணம் கேட்பார்கள், சிலர் ஒரே தடவை. ஆண்டுக் கட்டணம் நின்றால் பாட்டும் இறக்கப்படுமா என்று முன்பே படித்துப் பாருங்கள். பேண்ட்கேம்ப் தளத்தில் மட்டும் நாமே கடை போடலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு உண்டு, டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். குறித்து வைத்துக்கொண்டு, ஆளை மாற்றினாலும் அதே குறியீட்டைக் கொடுங்கள்.

அந்தப் படிவத்தில்தான் சண்டை வந்தது. செலவு முழுவதும் நண்பனுடையது. பாடல்களை எழுதியவர் பாடகி. எல்லாக் கட்டத்திலும் இவன் தன் பெயரையே போட்டிருந்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை, அவசரத்தில். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை தயாரித்தவருக்கு. பாடல் வரியின் உரிமையும் மெட்டின் உரிமையும் தனித்தனி. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியர் தன் ராயல்டி உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. அந்த அம்மா கோபப்படவில்லை. "என் பொண்ணு தேடினா என் பேர் வரணும்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்கே ஒரு பக்கத்தில் நான்கு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் தயார். வெள்ளிக்கிழமை வெளியீடு, நான்கு வாரம் முன்பே அப்லோட் செய்துவிடுவது நல்லது. இப்போது பாக்கி ஒன்றே ஒன்று. தலைப்பில் ஒரு 'ழ' இருக்கிறது. தமிழில் கொடுத்தாயிற்று. ஆங்கில எழுத்தில் அதற்கு இசட் ஹெச் போடுவதா, வெறும் எல் போடுவதா என்று நான்கு பேரும் நேற்று இரவு வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.